நாற்பத்தேழாம் இலக்க வீட்டின் மகள்மார்

என் மனைவிக்கு, ஜெர்மன்காரர்களாலேயே வாசிக்க முடியாத ஜெர்மன் வாசிக்கத் தெரியும். இவன் பெருமையடிக்கிறான் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். நான் ஹனோவரில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறேன். என்னைப் பற்றி அடித்துக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால் அவளைப் பற்றி அடித்துக்கொள்கிறேன்.

தக்சாயினி 1986இல், ஒன்பது வயதில், தாயின் கையைப் பிடித்தபடி கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். தகப்பன் உருத்திரமூர்த்தி ஒரு வருடம் முந்தியே வந்து, ஹனோவரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் தொழிற்பயிற்சி கேட்டு முப்பத்தொரு இடங்களுக்கு எழுதிப் போட்டாள். பல் வைத்தியர், வங்கி, மருந்துக்கடை எல்லாம் வாயே திறக்கவில்லை. ஒரேயோர் இடம் வரச் சொன்னது. ரயிலில் நாற்பது நிமிடம் போனால் வரும் ஒரு சின்ன நகரத்தின் ஆவணக் காப்பகம். நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே உள்ள அத்தனை பேரும் இந்தக் கதையில் தாங்கள் எங்கே வருகிறோம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

“பழைய கடதாசி அடுக்கிறதுக்கு மூண்டு வருச அவுஸ்பில்டுங்கோ?” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். அவள் ரோசக்காரி. மூன்று வருடப் பயிற்சியை முதல் தரத்தில் முடித்தாள். பிறகு, கேட்பாரில்லாமலே இன்னொன்றும் படித்தாள். எண்பது வருடத்துக்கு முன்வரை ஜெர்மன்காரர்கள் வேறொரு கையெழுத்தில் எழுதினார்கள். மழையில் நனைந்த வேலிக்கம்பி மாதிரி எல்லா எழுத்தும் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. அதைச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பு ஒன்றில் அவள் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் மற்ற எல்லாரும் ஓய்வூதியக்காரர்கள், வீட்டுப் பரணில் கிடந்த கடிதங்களை வாசிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள். பரணில் கடிதம் இல்லாமல் வந்தவள் இவள் ஒருத்திதான். அந்த வருடம் முடியும்போது அவர்களுடைய கடிதங்களையும் இவள்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் காப்பகத்தில் இருப்பது அவளும் ஒரு பிரதி எடுக்கும் இயந்திரமும்தான். தலைமைப் பதவி ஏழு வருடமாகக் காலி. ஒருநாள் ஒரு பெரியவர் கட்டுக்கட்டாகப் போர்க்காலக் கடிதங்களோடு வந்து, இவளை மேலும் கீழும் பார்த்து, “இங்கே இதை வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?” என்று கேட்டாராம். “இருக்கிறார், இருங்கள்” என்று சொல்லி, உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மூன்றாவது கடிதத்தில் நிறுத்தி, “இது உங்கள் தாத்தா மணந்த பெண்ணுக்கு எழுதியது இல்லைப்போல் தெரிகிறது, தொடரட்டுமா?” என்று கேட்டாள். அந்த மனிதர் சிவந்து போனார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவளுக்கு மொன்டெவிடியோவில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்னமெரிக்காவில், உருகுவே நாட்டின் தலைநகரம் அது. எழுதியவர் லேயா ரோட்ஹைம், வயது எண்பத்தொன்பது. அந்தச் சின்ன நகரத்தில் பிறந்து, ஐந்து வயதில், 1939 தொடக்கத்தில், தாய் தகப்பனோடு கப்பலேறியவர். யூதக் குடும்பம். எதற்காகக் கப்பலேறினார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நகரத்துப் பழைய யூத மயானத்தில் ஒரு வெண்கலப் பலகை வைக்கப் போகிறார்கள் என்றும், ஊரில் வாழ்ந்த யூதக் குடும்பங்களின் பெயரும் வந்த ஆண்டும் அதில் இருக்கும் என்றும் அவர் அறிந்திருந்தார். பலகையின் வாசகத்தை எழுதியவர் ஹெர் ஓல்டர்மான் என்ற ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஊர் யூதர்களைப் பற்றி முப்பது வருடம் உழைத்துப் புத்தகம் எழுதியவரும் அவரே. நல்ல மனிதர். பலகை வேண்டும் என்று நகரசபையில் பத்து வருடம் சண்டை பிடித்ததும் அவர்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி: ‘ரோட்ஹைம் குடும்பம் 1794இல் வெளியூரிலிருந்து வந்து குடியேறியது.’

லேயா எழுதியிருந்தார்: “நகர மண்டபம் கட்டுவதற்கு முன்பே நாங்கள் இந்த ஊரில் இருந்தவர்கள் என்று என் அப்பா யூலியுஸ் எப்போதும் சொல்வார். 1938இல் வெளியேறும் பத்திரத்துக்காக அதே நகர மண்டபத்துக்குப் போனபோதும் சொன்னார். அங்கிருந்த எழுத்தர் சிரித்துவிட்டு, ‘வந்து குடியேறியவர், ஊரோடு தொடர்பற்றவர்’ என்று எழுதிக் கையில் கொடுத்தார். அப்பா முப்பத்திரண்டு வருடம் மொன்டெவிடியோவில் இருந்தார், அந்த வசனத்தை ஒருநாளும் மறக்கவில்லை. சாவதற்கு முதல் நாளும் அதைச் சொல்லித்தான் கோபப்பட்டார். இப்போது உங்கள் புத்தகமும் அதையே சொல்கிறது. அப்பா பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. அந்த ஊர் எழுத வேண்டும். எனக்கு எண்பத்தொன்பது வயது, ஆகவே கொஞ்சம் கெதியாக.”

நகர மண்டபம் கட்டியது 1774இல். பலகையின் வாசகம் வார்ப்படக்காரருக்குப் போக வேண்டிய நாள் ஜூன் 30. வெண்கலத்தில் வார்த்த பிறகு யாரும் பிழை திருத்த முடியாது.

தக்சாயினி அந்த மின்னஞ்சலைத் தன் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சமைப்பாள்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினாள். அந்தக் காலத்தில் யூதர்கள் ஓர் ஊரில் இருப்பதற்கே வருடாவருடம் வரி கட்ட வேண்டும். பாதுகாப்பு வரி என்று அதற்கு அழகான பெயர். அந்த அனுமதி ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் போகும், மற்றப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். வரி கட்டியவர்களின் பட்டியல்கள், வீடுவீடாக ஆட்களை எண்ணி இடைக்கிடை எடுத்த குடிசன மதிப்புகள், இரண்டும் காப்பகத்தில் இருந்தன. ஊருக்கு முதன்முதல் வந்த யூதர் 1731இல் வந்த ஹெர்ட்ஸ் லேவி. வீட்டிலக்கம் நாற்பத்தேழு. அவர் 1762இல் இறந்தார். மகன் ஒருவன், அவன் அதற்கு முன்பே ஹாலே என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டான். 1763இலிருந்து அதே வீட்டில் யாக்கோப் ஸாலமோன் என்பவர் வரி கட்டுகிறார். அவர் 1790இல் இறக்க, மூன்று வருடம் அவருடைய விதவை கட்டுகிறார். பிறகு 1794இல் சிமோன் நாத்தான் வருகிறார். 1808இல் சட்டப்படி எல்லாரும் ஒரு குடும்பப் பெயர் எடுக்க வேண்டி வந்தபோது சிமோன் நாத்தான் எடுத்த பெயர்தான் ரோட்ஹைம்.

ஹெர் ஓல்டர்மானின் கணக்கு நேரானது. அந்தக் கால யூதர்களின் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர். யாக்கோப்பின் தகப்பன் ஸாலமோன், ஹெர்ட்ஸ் இல்லை. சிமோனின் தகப்பன் நாத்தான், யாக்கோப் இல்லை. ஒருவரும் மற்றவரின் மகன் இல்லை. ஆகவே ஒரு வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போன மூன்று குடும்பங்கள். ஹெர்ட்ஸ் லேவியின் வம்சம் ஊரில் அற்றுப் போயிற்று. ரோட்ஹைம் 1794.

“பிழை எங்கையோ இருக்கு. ஆனா அந்தாள் சொல்லுறது எல்லாம் சரியாத்தான் கிடக்கு” என்றாள் தக்சாயினி.

“அப்ப அந்த அம்மாவின்ர தேப்பன்தான் பிழையாச் சொல்லியிருப்பார்” என்றேன். சும்மா சொன்னேன். அன்றைக்கு நான்கு வகைக் கறி சமைத்தாள்.

மே மாதம் முழுக்க இப்படியே போயிற்று. சனிக்கிழமைகளிலும் போனாள். ஓல்டர்மான் பார்த்த அதே ஏடுகளைப் பார்த்தாள், அவர் கண்ட அதே மூன்று ஆண்களைக் கண்டாள். லேயாவுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதினாள், ‘இன்னும் இல்லை’ என்று. அதை எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

ஜூன் முதல் கிழமையில் எங்கள் வீட்டு மணி அடித்தது. அந்த வருடம் ஜெர்மனியில் குடிசன மதிப்பு. எங்கள் கட்டடத்தை மாதிரிக்காகத் தெரிந்தெடுத்திருந்தார்கள். விபரம் எடுக்க வந்தவர் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு நடுவயதுக்காரர். வாசலிலேயே நின்று எங்கள் அழைப்புமணிப் பெயரட்டையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

அதில் மூன்று பெயர்கள். உருத்திரமூர்த்தி, அருட்பிரகாசம், கிருபன். என் பெயர் கிருபன், அருட்பிரகாசம் என் தகப்பன். ஜெர்மன் பத்திரத்தில் அதுதான் என் குடும்பப் பெயர். தக்சாயினிக்குத் தன் தகப்பன் பெயர், அவளுடைய தாய்க்கும் அதே பெயர்தான். எங்கள் மகள் மிதுசாவுக்கு, அவளுடைய தகப்பனாகிய என் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுத் தந்தார்கள். ஒரு வீட்டில் நான்கு பேர், மூன்று குடும்பப் பெயர். தபால்காரருக்குப் பழகிவிட்டது, மற்றவர்களுக்கு ஒவ்வொருமுறையும் விளக்க வேண்டும்.

“இங்கே மூன்று குடும்பங்களா இருக்கின்றன?” என்று அந்த மனிதர் கேட்டார்.

“ஒரு குடும்பம்தான்” என்றேன். உள்ளே கூட்டிவந்து கதிரையைக் காட்டினேன். மாமி புஸ்பவதி, அதாவது தக்சாயினியின் தாய், வழக்கம்போலச் சாளரத்தின் அருகே சாய்மனைக் கதிரையில் இருந்தார். வந்தவருக்குச் சூடாகப் பற்றீஸ் கொண்டுவந்து வைக்கும்படி மகளுக்குக் கண்ணைக் காட்டினார். அந்த மனிதர் பற்றீஸைக் கடித்துக்கொண்டே பெயர், பிறந்த திகதி எல்லாம் பதிந்தார். பிறகு மாமியைக் காட்டி என்னிடம் கேட்டார்: “இந்த அம்மா உங்களோடு வந்து இருக்கிறாரா?”

“இல்லை, நான்தான் இவரோடு வந்து இருக்கிறேன்” என்றேன்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்கு. மகன்மார் கட்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைக்குத் தாயின் வீடு சீதனமாகப் போகும், மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவான், தாயும் அங்கேயே இருப்பார். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஹனோவரில் எங்களுக்குச் சொந்த வீடு ஏது, வாடகை வீடுதான். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. 2001இல் கலியாணம் முடிந்ததும் நானும் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குத்தான் வந்தேன். வாடகை ஒப்பந்தம் இன்றைக்கும் மாமியின் பெயரில் இருக்கிறது.

அந்த மனிதர் புரியாமல் பேனாவை நிறுத்தினார். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற தக்சாயினியும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சருங்கோ” என்றாள் என்னைப் பார்த்துத் தமிழில். “நீங்கள் இப்ப என்ன சொன்னனீங்கள்?”

“ஏன், பொய்யே? மாமியின்ர வீட்டிலைதானே இருக்கிறன்.”

“அந்த வீட்டிலை ஒரு கிழவி இருக்கிறா” என்றாள். “வரி கட்டாத கிழவி. அவவை ஒருத்தரும் கேக்கேல்லை.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடிசன மதிப்புக்காரருக்கு என்னைவிட விளங்கவில்லை. மாமி மட்டும், “எந்தக் கிழவியைச் சொல்லுறாள்? என்னையோ?” என்று கேட்டார்.

மறுநாள் அவள் முதல் ரயிலிலேயே போனாள். 1766ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், நாற்பத்தேழாம் வீட்டில், யாக்கோப் ஸாலமோன், மனைவி, இரண்டு மகள்கள், ஒரு வேலைக்காரி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘கிழவி கிட்டெல், வரி இல்லை.’ ஓல்டர்மான் தன் அட்டைகளில் வரி கட்டியவர்களை மட்டும்தான் எழுதியிருந்தார். வரி கட்டாத கிழவியை யாரோ ஏழை, இரக்கப்பட்டு வைத்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போயிருந்தார். தக்சாயினி பதினாலு வருடம் பின்னால் போனாள். 1752ஆம் ஆண்டு மதிப்பில் அதே வீட்டில் ஹெர்ட்ஸ் லேவி, மனைவி கிட்டெல், ஒரு மகன், ஒரு மகள்.

“வெளியாள் எண்டு நினைச்சவர் மருமோன்!” என்று தொலைபேசியில் கத்தினாள். நான் அப்போது பஸ்ஸில், எட்டாம் இலக்கப் பாதையில், சிவப்பு விளக்கில் நின்றேன். “கிட்டெல் எங்கையும் போகேல்லை. அவ தன்ர வீட்டிலைதான் இருக்கிறா. மகளுக்கு வீடு, மருமோன் வந்து சேர்ந்தவர். அடுத்ததும் அப்பிடித்தான். ஆம்பிளையள் மாறி மாறி வாறாங்கள், பொம்பிளையள் அசையேல்லை!”

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோன் அடித்தான். அடிக்கட்டும்.

ஆனால் கிட்டெல் என்ற பெயர் இன்னொருத்திக்கும் இருந்திருக்கலாம். நினைப்பை ஓல்டர்மானுக்கு முன்னால் வைத்தால் அவர் அன்பாகச் சிரித்து அனுப்பிவிடுவார். எழுத்தில் வேண்டும். தக்சாயினி இப்படி யோசித்தாள்: யாக்கோப்பின் விதவைக்கு மகள்கள் மட்டும்தான். அனுமதி மருமகனுக்குப் போக வேண்டுமென்றால் யாரோ அரசாங்கத்துக்கு மனுப் போட்டிருக்க வேண்டும். மனு ஊர்க் காப்பகத்தில் இராது, ஹனோவரில் மாநிலக் காப்பகத்துக்குப் போயிருக்கும்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். நானும் எடுத்தேன், துணைக்கு. அங்கே பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் கூடாது. நான் காற்சட்டைப் பைக்குள் சாப்பிட வைத்திருந்த பாணும் கூடாது என்று ஓர் அம்மா வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். என் வேலை கட்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவது. அவள் வேலை வாசிப்பது. தண்ணீர் வாய்க்கால் தகராறு, களவு போன மாடு, மதுக்கடை உரிமம் என்று எத்தனையோ மனுக்கள். நான் இரண்டு தரம் நித்திரையாகினேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு என் தொடையில் நறுக்கென்று கிள்ளு விழுந்தது. அந்த மண்டபத்தில் சத்தம் போடக் கூடாது, அதனால் கிள்ளினாள். நானும் சத்தம் போடக் கூடாது, அதனால் பல்லைக் கடித்தேன்.

1793ஆம் ஆண்டு மனு. யாரோ ஓர் எழுத்தர் அந்த விதவைக்காக எழுதிக் கொடுத்தது, இரண்டு பக்கம். ‘எனக்கு ஆண் பிள்ளை இல்லை. என் மூத்த மகள் றோஸ்ஷனை மணக்க இருக்கும் சிமோன் நாத்தானுக்கு அனுமதி போக வேண்டும். நான் சாகும்வரை என் வீட்டிலேயே இருக்க வேண்டும்.’ இரண்டு பக்கத்திலும் எங்கும் அவளுடைய பெயர் இல்லை. யாக்கோப் ஸாலமோனின் விதவை, யாக்கோப் ஸாலமோனின் விதவை, அவ்வளவுதான். கடைசியில் மட்டும், கோணல்மாணலாக ஒரு வரி, எபிரேய எழுத்தில் கையொப்பம்.

சிமோன் நாத்தான் மருமகன் என்பது அப்போதே உறுதியாயிற்று. ஆனால் அந்த விதவை யார், ஹெர்ட்ஸ் லேவியின் மகள்தானா என்பது கையொப்பத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தக்சாயினிக்கு எபிரேயம் தெரியாது. படம் எடுத்து மொன்டெவிடியோவுக்கு அனுப்பினாள். “வாசிக்க முடியுமா?” என்று மட்டும் எழுதினாள். மனுவைப் பற்றியோ தன் நினைப்பைப் பற்றியோ ஒரு சொல் எழுதவில்லை. அந்த அம்மாவின் ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாதாம். என் மனைவி அப்படிப்பட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேயா தொலைபேசி எடுத்தார். முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டோம். ஐந்து வயதில் விட்டுப்போன ஜெர்மன், அதனால் பெரிய மனுஷியின் குரலில் சின்னப் பிள்ளையின் பேச்சு. நானும் தக்சாயினியும் மாமியும் மேசையைச் சுற்றி நின்றோம்.

“எழுத்து மோசம். பள்ளிக்கூடம் போகாத கை” என்றார் லேயா. “ஆனால் தெளிவாக இருக்கிறது. ‘ஹிட்செல், நஃப்தாலி லேவியின் மகள்’ என்று எழுதியிருக்கிறாள்.”

தக்சாயினியின் முகம் விழுந்துவிட்டது. “நஃப்தாலியா? நான் தேடியவர் ஹெர்ட்ஸ்” என்றாள்.

மறுமுனையில் லேயா சிரிக்கத் தொடங்கினார். “பிள்ளை, ஜெபக்கூடத்தில் நஃப்தாலி என்று கூப்பிடுகிறவனை வீதியில் ஹெர்ட்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களில் அது வழக்கம். என் பெரியப்பாவும் நஃப்தாலி, அவரையும் எல்லாரும் ஹெர்ட்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் கேட்கிறீர்கள்? யார் இந்த ஹிட்செல்?”

தக்சாயினி சொன்னாள். வீட்டிலக்கம், கிழவி கிட்டெல், மகள் ஹிட்செல், அவள் மகள் றோஸ்ஷன், றோஸ்ஷனை மணந்து வந்த சிமோன், 1731 என்று ஒழுங்காகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது மறுமுனையில் சிரிப்பு நின்றிருந்தது. “பப்பா” என்று ஒரு சொல் மட்டும் கேட்டது. ஜெர்மன் பப்பாவும் எங்கள் அப்பாவும் ஏறக்குறைய ஒன்றுதான், மாமிக்குக்கூட மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ஜூன் 27, திங்கட்கிழமை. ஹெர் ஓல்டர்மான் காப்பகத்துக்கு வந்தார். தக்சாயினி ஒவ்வொரு தாளாக அவர் முன்னால் வைத்தாள். அவர் முதலில் தலையை ஆட்டினார். மூன்று வெவ்வேறு தகப்பன் பெயர் இருக்கும்போது ஒரே குடும்பம் என்பது எப்படி என்று கேட்டார். அவள் தன் தொலைபேசியில் எங்கள் வீட்டு அழைப்புமணிப் படத்தைக் காட்டினாள்.

“இதில் எத்தனை குடும்பம், ஹெர் ஓல்டர்மான்?”

“மூன்று.”

“ஒன்று. வீடு என் அம்மாவுடையது. அருட்பிரகாசம் என்று இருப்பவர் என் புருஷன், அவர் வந்து சேர்ந்தவர்.”

அவர் படத்தைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், பிறகு 1766ஆம் ஆண்டு ஏட்டைத் தன் பக்கம் இழுத்து, சின்ன எழுத்திலிருந்த அந்த வரியில் விரலை வைத்தார். “முப்பது வருடம்” என்றார். “இந்தப் பக்கத்தை எத்தனை தடவை திருப்பியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண்ணைத் தாண்டிப் போயிருக்கிறேன்.” எழுந்து, அவளுடைய மேசையிலிருந்தே வார்ப்படக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். தன் பிழை என்று சொன்னார், வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதரை நல்லவர் என்று நான் சும்மா சொல்லவில்லை.

செப்டெம்பரில் லேயா தன் மகளோடு வந்தார். ஒரு கைத்தடி, சிவப்புத் தொப்பி, என் தோளுக்கும் எட்டாத உயரம். மயானத்தில் பலகையைத் திறந்தார்கள். முதல் வரியில் இருந்தது: ‘கிட்டெல், ஹெர்ட்ஸ் லேவி, அவர்களின் மகள்வழி வந்த ரோட்ஹைம் குடும்பம், 1731 முதல்.’ நகரபிதா பேசினார். அந்த ஊருக்கு நகரபிதா ஒரு பெண்தான், பிதா என்று எழுதக் கை கூசுகிறது. ஓல்டர்மான் பேசினார். தக்சாயினியைப் பேசச் சொன்னார்கள், அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நான் பின்வரிசையில் மாமியோடு நின்று, கண்ணுக்குள் தூசி விழுந்த ஆள் மாதிரி நடித்தேன்.

விருந்துக்கு எல்லாரும் புறப்பட்டபோது லேயா வரவில்லை. நகர மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றார். காப்பகம் அங்கேதான், கீழ்த்தளத்தில். நகரபிதாவும் நாங்களும் கூடப் போனோம். லேயா தக்சாயினியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாளை வைத்தார். 1938ஆம் ஆண்டுத் தாள். வந்து குடியேறியவர், ஊரோடு தொடர்பற்றவர்.

“பலகை ஊருக்கு” என்றார். “அப்பாவுக்கு இதைத்தானே கையில் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஒன்று வேண்டும். இதே மாதிரித் தாளில், இதே கட்டடத்தில் இருந்து.”

தக்சாயினி நகரபிதாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். தக்சாயினி தட்டெழுதினாள், ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வாசித்தாள். ‘இந்நகரின் வரி, குடிசன மதிப்புப் பதிவுகளின்படி, யூலியுஸ் ரோட்ஹைமின் குடும்பம் 1731 முதல் 1939 வரை ஒரு வருடமும் இடைவிடாமல் இவ்வூரில் வாழ்ந்தது. அவர்கள் இவ்வூரவர்கள்.’ நகரபிதா கையொப்பமிட்டார். மேலே போய் ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். நகரத்தின் முத்திரை. “கண்டுபிடித்தவர் நீங்கள், நீங்களே குத்துங்கள்” என்றார்.

இந்த நாட்டில் எங்கள் சீவியம் முழுக்க மற்றவர்கள் குத்திய முத்திரைதான். மூன்று மாதம் இருக்கலாம், ஆறு மாதம் இருக்கலாம், இந்த மாவட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. காலமான உருத்திரமூர்த்தி மாமா அந்தத் தாள்களோடு வரிசையில் நின்று நின்றே கிழவரானார். அவருடைய மகள் இந்த நாட்டு முத்திரை ஒன்றைக் கையில் எடுத்து நிற்பதை நான் பார்த்தேன். பெருமை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் மையில் ஒற்றி, தாளின் அடியில் மெல்ல வைத்தாள்.

லேயா எழுந்து நின்றார். தன் சின்னக் கையை அவள் கையின் மேல் வைத்தார்.

“இன்னும் அழுத்துங்கள், பிள்ளை” என்றார். “அவர்கள் நன்றாக அழுத்தித்தான் குத்தினார்கள்.”

இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினார்கள்.